யுனிக்ஸ் உரையும் ஆசிரியரில்லா மாணவரும்

நிரல் எழுதும் தொழிலை அனுபவம் மிக்க ஒருவரிடம் பயில்வதா, தாமாகவே முயன்று கற்பதா என்னும் விவாதம் மென்பொருள் துறையில் இன்றும் ஓயவில்லை. ஆயினும் இவ்விரு வழிகளும் தொடக்கத்திலிருந்தே கலந்து வந்தவை. 1945-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகிவந்த எனியாக் கணினிக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பெண்கள், கையேடு எதுவும் இல்லாத நிலையில், இயந்திரத்தின் வரைபடங்களைத் தாமே ஆராய்ந்தும், ஐயம் எழுந்தபோது பொறியாளர்களை வினவியும் அதை இயக்கக் கற்றனர்.

இக்கலப்பைத் தெளிவாகக் காட்டுவது யுனிக்ஸின் வரலாறு. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 முதல் உருவாக்கிய யுனிக்ஸ் ஓர் இயக்க அமைப்பு, அதாவது கணினியின் நினைவகம், வட்டு முதலியவற்றைப் பிற நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை மென்பொருள். மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவமாகிய அதன் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்கு உரிமத்தின்பேரில் கிடைத்துவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப்பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே கொண்டிருந்ததால் மாணவர் அதனை முழுமையாகப் படித்தறிய இயலும் எனக் கருதி, வரிகளுக்கு எண்ணிட்டு நிரலை ஒரு தொகுதியாகவும், அவ்வெண்களைச் சுட்டி எழுதிய உரையை மற்றொரு தொகுதியாகவும் 1977-இல் நிறைவு செய்தார். 2238-ஆம் வரியில், இவ்விடம் வாசகருக்குப் புரியுமென்று எதிர்பார்க்கவில்லை என்னும் பொருளில் நிரலை எழுதியவர்களே குறிப்பு வைத்திருந்தனர். அத்தகைய இடங்களையும் மாணவர் விலக்காமல் படித்தனர்.

1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பில் கற்பிக்கலாகாது என பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி தடை விதித்தது. லயன்ஸின் உரை 1996 வரை வணிக நூலாக வெளிவராமல், பெரும்பாலும் நகலுக்கு நகலாகக் கைமாறியே வாசகரை அடைந்தது. தடையால் பாடப்பொருளை இழந்த ஆசிரியர்களுள் ஒருவரான ஆம்ஸ்டர்டாமின் ஆண்ட்ரூ டானன்பாம், மினிக்ஸ் என்னும் சிறிய இயக்க அமைப்பைத் தாமே எழுதி, பாடநூலுடன் 1987-இல் வெளியிட்டார். அந்நூலைப் படித்து, மினிக்ஸைத் தம் கணினியில் இயக்கிப் பழகிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் என்னும் தமது இயக்க அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டு அதன் கட்டமைப்பைக் கடிந்த டானன்பாம், டோர்வால்ட்ஸ் தம் மாணவராக இருந்திருந்தால் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருக்க மாட்டார் என்னும் கருத்தில் எழுதினார்.

வகுப்பில் அமராத அம்மாணவர் ஆசிரியரின் நூலால் கற்று, அவர் ஏற்காத முடிவுக்கு வந்தார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. தானே கற்றவர் எனப்படுவோரின் பின்னணியிலும் நிரலைப் படிக்கத்தக்கதாக்கிய ஓர் ஆசிரியரின் உழைப்பு இருந்தது. அவ்வாசிரியரின் உழைப்பும், மாணவர் மூலநிரலோடு தனித்துப் போராடிய பின்னரே பயன் தந்தது. எனவே ஒன்றை விலக்கி மற்றொன்றைத் தேர்வதற்கு இத்துறையின் வரலாறு ஆதரவளிக்கவில்லை.