கடல் விலகிப் போன வாசல்

மனாமா சந்தையின் வடக்கு முகப்பில் நிற்கும் பாப் அல் பஹ்ரைனை ‘பஹ்ரைனின் வாசல்’ என்று பெயர்த்துவிடுவது எளிது. ஆனால் வாசல் என்றால் மதில் வேண்டும். இதையொட்டி மதிலேதும் ஓடவில்லை. நடுவே வளைவு வழி, மற்றபடி அரசு அலுவலக அறைகள், அவ்வளவே. 1945-இல் வடிவமைக்கப்பட்டு 1949-இல் முடிந்த இக்கட்டடத்துக்கு அந்தப் பெயரைப் பொருத்தியது கடல்தான். அன்று கரை இதற்கு எதிரே, மிக அருகில் இருந்தது. துறையில் இறங்கியவர் கண்ணில் முதலில் அரசாங்கம் பட்டது. அதைக் கடந்த பின்னரே சந்தை. ஆகவே இதன் பொருளில் பாதி கட்டுமானத்திலும், மறுபாதி இதற்கும் அலைக்கும் இருந்த குறுகிய இடைவெளியிலும் இருந்தது என்பேன்.

அப்படி முகம் காட்டும் தேவை அரசுக்கு ஏன் வந்தது? ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929-இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் முத்துக்குளிப்பைச் சாய்த்தன. 1932-இல், வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலாக, இங்கே எண்ணெய் கிடைத்தது. முத்தின் செல்வம் வணிகர் பலரிடம் சிதறிக் கிடந்தது. எண்ணெய்ப் பணமோ அரசின் கருவூலத்துக்கு நேரே வந்தது. அதை ஆள மேசைகளும் கோப்புகளும் வேண்டியிருந்தன. வடிவமைத்த சார்லஸ் பெல்கிரேவ் கட்டடக் கலைஞர் அல்லர். 1926 முதல் 1957 வரை ஆட்சியாளரின் ஆலோசகர், அதுவும் லண்டன் நாளிதழ் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து வந்தவர்! இது காலனிய அதிகாரத்தின் சின்னம், பஹ்ரைனுக்கு உரியதன்று என்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. 1950-களின் மக்கள் இயக்கம் பெல்கிரேவை நீக்கக் கோரியது. ஆனால் அவர் போனார், 1971-இல் விடுதலையும் வந்தது. கட்டடத்தை எவரும் இடிக்கவில்லை. வரைந்தவரின் நோக்கத்தைவிட, அந்த வளைவின் வழியே அன்றாடம் போய்வந்த வணிகரும் சுமைதூக்குவோரும் தந்த பழக்கமே வலுவாக இருந்திருக்கிறது.

1986-இல் இஸ்லாமியக் கட்டடக்கலைக் கூறுகளைச் சேர்த்து இதைப் புதுப்பித்தார்கள். அது வரலாற்றுக்குப் பூசிய அரிதாரம் என்பது மரபுப் பாதுகாப்பாளரின் குறை. கட்டி நாற்பதாண்டுகூட ஆகாததைப் பழங்காலத்ததாகக் காட்டியது உண்மைதான். புதிதாக வருபவர் அதன் வயதைத் தவறாகக் கணிக்கவும் கூடும். எனினும் முதல் இழப்பு அந்த ஆண்டு நேர்ந்ததல்ல. கடலைத் தூர்த்துத் தூர்த்து, ஏறத்தாழ 665 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 780-ஐத் தாண்டிவிட்டது. வாசலுக்கு முன்னால் அலைக்குப் பதில் நெடுஞ்சாலையும் கோபுரங்களும் எழுந்தன. கடலை இழந்த கட்டடம் சந்தையின் நுழைவாயிலாக மட்டும் எஞ்சியது. இருப்பிடம் தந்த கம்பீரம் போனபின், அதை அலங்காரத்தால் ஈடுகட்டப் பார்த்தார்கள். அந்த அலங்காரம் அழகா என்பது வேறு பேச்சு. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. ஆனால் 1986-இன் பூச்சைச் சுரண்டி 1949-ஐ மீட்பதா, 1949-இன் கரைக்கோடு ஓடிய இடத்தைத் தரையில் கல் பதித்துக் காட்டுவதா என்று கேட்டால், இரண்டாவதையே தேர்வேன்.