இடக்கையரும் சக்கிமுக்கித் துப்பாக்கியும்

தென்பாண்டிச் சீமையில் சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பெருமளவில் புழங்கவிட்டவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள். 1755 முதல் 1761 வரை நெற்கட்டான்செவல் பாளையக்காரர் புலித்தேவர், ஆற்காட்டு நவாபின் படைகளையும் கம்பெனிப் படைகளையும் எதிர்த்து நின்றார். பாளையத்தார் பெரும்பாலும் வல்லயமும் திரித் துப்பாக்கியும் ஏந்தினார்கள். கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கானின் சிப்பாய்களிடம் சக்கிமுக்கி. இரண்டிலும் பற்றுமருந்துக் கிண்ணி குழலுக்கு வலப்புறம்தான். ஆனால் இடத்தோளில் வைத்துச் சுடுபவனுக்குச் சக்கிமுக்கியில் சங்கடம் அதிகம். கல்லைக் கவ்விய சுத்தி எஃகுத் தகட்டில் அடித்ததும் தெறிக்கும் பொறி, கிண்ணியில் குபீரென எழும் சுவாலை, பக்கத் துளையில் பீறிடும் புகை எல்லாம் அவன் முகத்தருகே, நீட்டிய வலக்கைக்கு மேலே நிகழும்.

ஆனாலும் இடக்கையரை ஒடுக்கியதில் பொறியமைப்பைவிடக் கவாத்துக்கே பங்கு அதிகம். இடப்புற விசையைச் செய்யக் கொல்லருக்குத் தெரியும்: இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியின் இடக்குழலுக்கு அத்தகைய விசையே பொருத்தப்பட்டது. வசதி படைத்த ஐரோப்பியர் சிலர் இடக்கைத் துப்பாக்கியே செய்வித்துக் கொண்டார்கள். படைக்கோ ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது. தோட்டாவைப் பல்லால் கிழிப்பது, கிண்ணியில் மருந்திடுவது, சலாகையால் இடித்து இறக்குவது எல்லாம் வலக்கைக்கே வகுக்கப்பட்டவை. தோளோடு தோள் உரசும் வரிசையில் ஒருவன் மட்டும் மாறிச் செய்தால் பக்கத்தவன் முழங்கையில் இடிக்கும், வரிசையே பிசகும். இன்று பழைய துப்பாக்கி சுடும் இடக்கையர், கண்ணாடி அணிந்து இடத்தோளிலிருந்தே சுடுகிறார்கள். தனியாக நிற்பவருக்கு அது இயலும் என்பதற்கு இதுவே சான்று.

பீச்சாங்கையை இழிவாகக் கருதிய நம் சமூகம் குழந்தையிலேயே கையைத் திருத்திவிட்டதே, கவாத்தைக் குறைசொல்வானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சோற்றுக்கையைப் பழக்கத்தால் மாற்றலாம். குறிபார்க்கையில் முந்தும் கண் அப்படி மாறிவிடாது. வலக்கைக்காரரிலும் இடக்கண் முந்துவோர் உண்டு. அந்தக் குறை படையில் வெளிப்படாததற்கும் காரணம் உண்டு. உட்குழல் வழவழப்பான அந்தத் துப்பாக்கியில் பின்குறிகாட்டி கிடையாது. உத்தரவு வந்ததும் எதிர் வரிசையை நோக்கி ஒருசேரச் சுட்டார்கள், தனியொருவன் குறி தவறியதா என்று எவரும் பார்க்கவில்லை. மலையடிவாரப் புதரில் பதுங்கிச் சுடும் பாளையத்தானுக்கோ ஒவ்வொரு குண்டும் கணக்கு. எந்தத் தோளில் வைப்பது என்பதை அவனே தீர்மானிக்கலாம்.

ஆனால் 1801 டிசம்பர் 1இல் கம்பெனி அரசு வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. பின்னர் துப்பாக்கியின் அமைப்பும் மாறியது: 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை பெற்ற தட்டினால் வெடிக்கும் மருந்திலிருந்து பிறந்த தொப்பி முறையை, 1840 வாக்கில் பிரிட்டிஷ் படை ஏற்றது. திறந்த கிண்ணியின் சுவாலை அதோடு ஒழிந்தது. படைத் துப்பாக்கியின் விசை அப்போதும் வலப்புறமே இருந்தது.