லம்பாடிப் பூத்தையல்: கந்தலிலிருந்து பிறந்த கலை

லம்பாடிப் பூத்தையல் என்பது பழந்துணித் துண்டு, கண்ணாடிச் சில்லு, சோழி, நாணயம், மணி, நூல்குஞ்சம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துக் கையால் செய்யப்படும் தையற்கலை. தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே அமைந்துள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்கள் இக்கலையை அறிந்தவர்கள்.

மக்களும் தொழிலும்

லம்பாடிகள் பஞ்சாரா, லம்பாணி என்றும் அழைக்கப்படுகின்றனர். இவர்களின் மொழி ராஜஸ்தானி மொழிகளுக்கு நெருக்கமானது. தனி எழுத்து இல்லாதது. பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்பது இவர்களின் பழைய தொழில். முகலாயப் படைகளுக்கும், 1791-92இல் திப்பு சுல்தானை எதிர்த்த காரன்வாலிசின் படைக்கும் தானியம் கொண்டு சென்றனர். அப்போரின் முடிவில்தான் தருமபுரி அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்ததும் பொதிமாட்டு வணிகம் நலிந்தது. லம்பாடிகள் ஆங்காங்கே தாண்டா எனப்படும் குடியிருப்புகளில் தங்கி, உழவுக்கும் கூலிவேலைக்கும் மாறினர்.

பொருளும் முறையும்

நாடோடி வாழ்வில் மாடு சுமக்கும் அளவே உடைமை. அதனால் கிழிந்த துணியும் வீணாகவில்லை. துண்டுகளை அடுக்கி, ஒட்டுப்போட்டு, நெருக்கமாகத் தைத்து உறுதியாக்கினர். கண்ணாடிச் சில்லைச் சுற்றி நூலால் பின்னிப் பிடிப்பு அமைத்தனர். ஒருகாலத்தில் பணமாகப் புழங்கிய சோழியும், செல்லாக்காசும் அணியாயின. பேட்டியா எனும் பாவாடை, காஞ்சளி எனும் ரவிக்கை, பை, விரிப்பு ஆகியவை இவ்வாறு உருவாயின. பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவும் இதே சிக்கனத்தில் பிறந்ததே.

நலிவு

பெண்கள் புடவைக்கு மாறியபோது பேட்டியாவின் தேவை குறைந்தது. தேவை குறைந்ததால் மகளுக்குத் தாய் கற்றுத்தருவதும் நின்றது. வரைபடமோ எழுத்துக் குறிப்போ இல்லாத கலை இது. பழைய ஆடைதான் பாடநூல். வணிகர்கள் பழைய ஆடைகளை வாங்கி வெட்டிப் பைகளாக்கி விற்றபோது அந்தப் பாடநூலும் கைவிட்டுப் போனது. சிட்டிலிங்கியில் முதிய பெண்கள் மிகச் சிலரே இதை அறிந்திருந்தனர்.

மீட்பு

மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் 1993இல் சிட்டிலிங்கியில் பழங்குடி நல மருத்துவப் பணியைத் தொடங்கினர். லலிதா ரெஜியின் முயற்சியால் முதிய பெண்கள் இளையவர்களுக்குத் தையலைக் கற்பித்தனர். அதிலிருந்து 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். வேலைதேடி வெளியூர் செல்லாமல் வீட்டிலிருந்தே பெண்கள் வருவாய் ஈட்ட இது வழிசெய்தது.

கர்நாடகத்தின் சந்தூர் லம்பாணிப் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் ஹம்பியில் நடந்த ஜி-20 பண்பாட்டுக் கூட்டத்தில் 1,755 லம்பாணித் தையற்பொருட்களைக் காட்சிக்கு வைத்து கின்னஸ் சாதனையும் படைக்கப்பட்டது.

இன்றைய நிலை

இன்று இத்தையல் பெரும்பாலும் விற்பனைக்காகப் புதுத்துணியில் செய்யப்படுகிறது. கந்தலை வீணாக்காத பழைய வழக்கம் வீட்டு விரிப்புகளில் எஞ்சியிருக்கலாம். தையல் பிழைத்ததற்குக் காரணம், அறிந்த சிலர் உயிரோடு இருந்தபோதே கற்பவர்கள் அவர்கள் அருகே வந்து அமர்ந்ததுதான்.