கடலும் வானும் ஒரே தாளில்: அந்தி ஒளிப்படத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நிலவிவரும் நம்பிக்கையாகும். ஓவியன் தன் கற்பனைக்கேற்ப ஒன்றைக் கூட்டலாம், குறைக்கலாம். கமராவோ தன்முன் இருப்பதை மட்டுமே பதிவு செய்யும் என்பது அந்நம்பிக்கையின் சாரம். ஆயின், கடலின்மேல் கதிரவன் சாயும் காட்சியைப் படம்பிடிக்க முனைந்தோரின் வரலாறு இந்நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே சோதனைக்குள்ளாக்கிற்று. அக்காட்சியை ஒரே பதிவில் அடக்குதல் அரிதாக இருந்தமையால், வெவ்வேறு அளவில் ஒளிபடச் செய்த இரு பதிவுகளை இணைக்கும் முறை தோன்றியது. அவ்விணைப்பு உண்மையைத் துலக்கியதா, திரித்ததா என்னும் வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கலின் வேர் கண்ணுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் உள்ளது. அந்திவேளையில் கடற்கரையில் நிற்பவர் ஒளிமிக்க வானையும் இருண்ட பாறைகளையும் மாறிமாறி நோக்குகையில், அவரது கண் ஒவ்வொன்றுக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்து கொள்கின்றது. ஒளிப்படத் தகட்டுக்கு இவ்வாற்றல் இல்லை. வானுக்குப் பொருந்தும் ஒளிபடுகாலம் நிலத்துக்குப் போதாது. நிலத்துக்குப் பொருந்துவது வானுக்கு மிகையாகும். 1851 இல் பிரெடரிக் ஸ்கொற் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை நுண்மையான படங்களைத் தந்ததெனினும், நீல ஒளிக்கே மிகுதியாக இயைந்தது. செம்மைக்கும் மஞ்சளுக்கும் அது ஏறக்குறையக் குருடாயிருந்தது. இதனால் அக்காலத்து இயற்கைக் காட்சிப் படங்கள் பலவற்றில் முகில்கள் மறைந்து, வான் வெறும் வெள்ளைத் தாளாகவே எஞ்சியது.

இவ்வெறுமையை நிரப்பப் பலர் முயன்றனர். பிரான்சில் இப்போலித் பயார் என்பார் 1850 களின் தொடக்கத்திலேயே முகில்களுக்கெனத் தனியான எதிர்ப்படிமத்தைப் பயன்படுத்தும் வழியை முன்வைத்திருந்தார். அவ்வழியைக் கலையாக உயர்த்திய பெருமை குஸ்தாவ் லு கிறே என்பவரைச் சாரும். 1820 இல் பிறந்த இவர், போல் டெலறோஷ் என்னும் ஓவியரிடம் பயின்று, பின்னர் ஒளிப்படத்துறைக்கு வந்தவர். 1856 இல் நோர்மண்டிக் கரையிலும், 1857 இல் மத்தியதரைக் கடலோரத்திலும் இவர் எடுத்த கடற்காட்சிகள் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தின. 1856 இன் இறுதியில் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட பாய்க்கப்பல் படத்தை நிலவொளியில் எடுக்கப்பட்டதெனப் பலர் எண்ணினர். உண்மையில் அது பகலில், முகில்களுக்குப் பின்னிருந்த கதிரவனை எதிர்நோக்கி எடுக்கப்பட்டதாகும். மாலையாகவும் நிலவாகவும் மக்கள் கண்டவை பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் விளைவுகளே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

லு கிறே கையாண்ட முறை எளிமையானது; ஆயினும் மிகுந்த கைத்திறனை வேண்டி நின்றது. கடலுக்கு ஒரு கண்ணாடி எதிர்ப்படிமமும் வானுக்கு மற்றொன்றும் தனித்தனியே எடுக்கப்பட்டன. முட்டை வெண்கரு பூசி ஒளியுணரச் செய்த தாளின்மீது முதலாவதை வைத்து, வான்பகுதியை மறைத்து, வெயிலில் அச்சிடுவர். பின்னர் கடற்பகுதியை மறைத்து மற்றையதை அச்சிடுவர். இரண்டும் சந்திக்குமிடம் அடிவானமாகும். கடற்காட்சியில் அடிவானம் நேர்கோடாக அமைவது இணைப்பை மறைக்கப் பெரிதும் துணைபுரிந்தது. மரங்களும் கூரைகளும் வானைக் குத்தி நிற்கும் காட்சியில் இது அத்துணை எளிதன்று. 1857 இல் செற் துறைமுகத்தில் உருவான ‘பேரலை’ என்னும் படம் இம்முறையின் புகழ்பெற்ற சான்றாக விளங்குகின்றது.

இவ்விடத்தில்தான் நமது வினா கூர்மை பெறுகின்றது. லு கிறேயின் படங்களை ஒப்பிட்டு நோக்கிய ஆய்வாளர், ஒரே முகிற்கூட்டம் வெவ்வேறு கடல்களின்மேல் காணப்படுவதைச் சுட்டியுள்ளனர். அதாவது, ஓரிடத்து வான் வேறோர் இடத்துக் கடலுக்குப் பொருத்தப்பட்டது. ஒரு காட்சியின் இரு பாதிகளுக்கும் உரிய ஒளியை வழங்குதல் ஒன்று. இல்லாத வானைக் கொணர்ந்து சேர்த்தல் பிறிதொன்று. முன்னையது கருவியின் குறையை ஈடுசெய்வது. பின்னையது காட்சியையே புதிதாகப் படைப்பது. ஆயினும் லு கிறேயின் காலச் சூழலை மறந்து தீர்ப்பளித்தல் தகாது. ஈரக் கொலோடியன் தகட்டைப் பூசி, ஈரம் உலருமுன் ஒளிபடச் செய்து, உடனே உருத்துலக்க வேண்டியிருந்தது. அடுத்த தகட்டை ஆயத்தம் செய்வதற்குள் அலை மாறிவிடும், முகிலும் கலைந்துவிடும். ஒரே கணத்தின் இரு பதிவுகள் என்பது அன்று கைகூடாத ஒன்றாகும்.

இங்கிலாந்தில் இணைப்பு முறை வேறு திசையிற் சென்றது. 1857 இல் ஒஸ்கார் றைலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படிமங்களைச் சேர்த்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் படத்தை ஆக்கினார். 1858 இல் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து எதிர்ப்படிமங்களைக் கொண்டு மரணப்படுக்கையிலுள்ள இளம்பெண்ணின் காட்சியை அமைத்தார். இத்தகைய புனைவுகளை எதிர்த்தவருள் பீற்றர் ஹென்றி எமர்சன் முதன்மையானவர். 1889 இல் வெளிவந்த தமது நூலில், ஒளிப்படக் கலை இயற்கையையும் கண்ணின் காட்சியையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டுமென அவர் வலியுறுத்தினார்.

இவ்விவாதம் நிகழ்ந்த காலத்திலேயே இரசாயனம் வேறொரு தீர்வைத் தேடிக்கொண்டிருந்தது. 1873 இல் ஜேர்மனியரான ஹேர்மன் வில்ஹெல்ம் போகல், தகட்டிற் சாயங்களைச் சேர்த்தால் அது நீலம் தவிர்ந்த நிறங்களையும் உணரும் எனக் கண்டறிந்தார். 1906 இல் எல்லா நிறங்களுக்கும் இயைந்த தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. மஞ்சள் வடிகட்டியின் துணையுடன் வானும் முகிலும் ஒரே தகட்டிற் பதியலாயின. முகில்களுக்கெனத் தனி எதிர்ப்படிமம் வைத்திருக்கும் தேவை இதனாற் குறைந்தது. ஆனால், கதிரவனே சட்டத்துள் அடங்கும் காட்சியில் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள பேரிடைவெளி தீரவில்லை.

அகல்கோண வில்லை அவ்விடைவெளியை மேலும் வெளிப்படுத்திற்று. குறுகிய கோணத்தில் வானை மட்டுமோ கரையை மட்டுமோ தெரிந்தெடுக்கலாம். பரந்த கோணத்தில் கதிரவனும் காலடிப் பாறையும் ஒருங்கே சட்டத்துள் வந்துவிடும். வில்லைக்குள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. கோணம் விரிய விரிய, படத்தின் ஓரங்களைச் சேரும் ஒளி குறைந்துகொண்டே போகும். 1900 இல் ஜேர்மனியின் கேர்ஸ் நிறுவனத்துக்காக எமில் பொன் ஹோக் வகுத்த ஹைப்பர்கொன் வில்லை ஏறத்தாழ 135 பாகை அகலத்தைக் காட்டியது. அதன் முன்னே விண்மீன் வடிவிலான சிறு தகடு ஒன்று காற்றினாற் சுழன்று, நடுப்பகுதியின் ஒளியைத் தடுத்தது. பின்பு அது விலக்கப்பட்டது. ஒரே தகட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அளவில் ஒளியை வழங்கும் இவ்வுபாயம் லு கிறேயின் முறைக்கு உறவுடையது. எனினும் இதனைப் பொய்யென எவரும் கருதியதில்லை. ஒளியைச் சமப்படுத்துதல் தன்னளவிற் குற்றமன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இணைப்பு முறை கணினியின் வழியே மீண்டும் தலையெடுத்தது. 1995 இல் ஸ்ரீவ் மான், றொசலிண்ட் பிக்காட் ஆகியோரும், 1997 இல் போல் டெபவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோரும், வெவ்வேறு ஒளிபடுகாலங்களில் எடுத்த படங்களைக் கணித முறையில் ஒன்றாக்கும் வழிகளை வெளியிட்டனர். இன்று கைத்தொலைபேசிகளே கணப்பொழுதிற் பல பதிவுகளை எடுத்து, பயன்படுத்துவோர் அறியாமலே அவற்றை இணைத்துவிடுகின்றன. லு கிறேக்குக் கைகூடாத கணநேர ஒருமை இவ்வாறு பெரிதும் வாய்த்துவிட்டது. அதே வேளை, 2020 இல் ஃபோட்டோஷொப் மென்பொருளில் ஒரு படத்தின் வானை முற்றாக மாற்றும் வசதியும் சேர்க்கப்பட்டது. ஒரே முகிலைப் பல கடல்களின்மேல் வைத்த பழைய பழக்கம், இருட்டறையின் உழைப்பெதுவுமின்றி யாவர்க்கும் கிட்டியுள்ளது.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம். இணைக்கப்பட்டதா என்பது பொருத்தமான கேள்வியன்று. கண்ணும் தகடும் வேறுபடும்வரை இணைப்பு ஏதோவொரு வடிவில் நிலைத்தே இருக்கும். இணைக்கப்பட்ட பகுதிகள் ஒரே இடத்துக்கும் ஒரே பொழுதுக்கும் உரியனவா என்பதே கேட்கப்படவேண்டியது. அவ்வாறு இருப்பின் அவ்விணைப்பு கண் கண்டதற்கு நெருங்கி வருகின்றது. இல்லையேல் அது ஓவியத்தின் இனத்தைச் சாரும். ஓவியமாதல் இழிவன்று, ஓவியம் சான்றாக வேடமிடுதலே தவறாகும். புயலின் அழிவையோ கரையோரத்தின் மாற்றத்தையோ அறியப் பிற்காலத்தவர் ஒளிப்படங்களை நாடும்போது, இவ்வேறுபாடு அழகியலைக் கடந்து வரலாற்றின் நம்பகத்தன்மையைத் தொடுகின்றது.

1860 இற் பாரிசை விட்டு நீங்கிய லு கிறே மீண்டும் அங்குத் திரும்பாது, 1884 இல் கெய்ரோவில் மறைந்தார். அவரது ‘பேரலை’யின் ஒரு பிரதி 1999 இல் இலண்டனில் ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அவருக்கு வான்களை மாற்றுவதற்குத் தொழில்நுட்பத்தின் குறை ஒரு காரணமாயிருந்தது. அக்குறை நீங்கிய இக்காலத்தில் வானை மாற்றுவோருக்கு அது காரணமாகாது. அன்று தேவையாக இருந்தது இன்று தெரிவாகிவிட்டது. தெரிவாகிய ஒன்றுக்குப் பொறுப்பும் உண்டு.