ஒரு கொக்கியும் ஒரு நூலும்: குரோஷா பின்னலின் கதை

சேந்தமங்கலத்தில் எங்கள் அத்தை வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் தையல் மெஷின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். துணி என்று சொல்வதும் சரியில்லை. முழுக்க முழுக்க நூலிலேயே பின்னியது. நடுவில் ஒரு மயில், சுற்றிலும் கட்டம் கட்டமாக ஓட்டைகள், ஓரத்தில் விசிறி விசிறியாகப் பூவேலை. பழைய பெட்டி டிவி இருந்த காலத்தில் அதற்குப் போர்த்துவதற்காக அத்தை பின்னியதாம். பெட்டி டிவி போய்ச் சுவரில் மாட்டும் டிவி வந்தபிறகு, அந்த மயில் தையல் மெஷினுக்கு மாறிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம். அதன் பெயர்தான் குரோஷா. போன விடுமுறையில் அத்தையிடம் அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கை பழகப் பழக, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வந்தது. தேடிப் படித்ததையும் கையில் படிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

துணி இல்லாத பூவேலை

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். நம் ஊரில் வாய்க்கு வசதியாகக் குரோஷா ஆகிவிட்டது. ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசி வேண்டும், நூறு கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்கும். குரோஷாவில் ஒரே ஒரு கொக்கி ஊசி. பெரும்பாலும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது.

இது எங்கே பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒரு கருத்து நமக்கு ரொம்ப நெருக்கமானது. இப்போது கல்யாண ஜாக்கெட்டுக்கெல்லாம் ஆரி வேலை செய்கிறார்கள் இல்லையா? சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை இழுத்துச் சங்கிலி சங்கிலியாகப் போடுவார்களே, அதே முறைதான் இந்தியா, துருக்கி, சீனா பக்கங்களிலிருந்து 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. சட்டம் மத்தளம் மாதிரி இருந்ததால் அங்கே அதற்கு 'தம்பூர்' வேலை என்று பெயர். பிறகு யாரோ துணியை எடுத்துவிட்டு வெறும் நூலிலேயே சங்கிலி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் குரோஷா ஆனது என்கிறார்கள். அச்சில் வந்த முதல் குரோஷா மாதிரிகளாக அறியப்படுபவை 1823-ல் 'பெனலோப்' என்ற டச்சுப் பத்திரிகையில் வந்த பணப்பை மாதிரிகள்.

பஞ்சத்தில் பரவிய பின்னல்

முதலில் இது வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. இங்கிலாந்து ராணி விக்டோரியாவே குரோஷா பின்னியவர். ஆனால் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அரண்மனை இல்லை, பசி.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்தச் சமயத்தில் கன்னியாஸ்திரிகளும் பாதிரிமார் வீட்டுப் பெண்களும் கிராமத்துப் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். வெனிஸ் நகரத்து விலை உயர்ந்த லேசைப் போலவே தோற்றம், ஆனால் பல மடங்கு வேகம். ரியேகோ தெ லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி வெளியிட்ட மாதிரிப் புத்தகங்கள் இதற்குப் பெரிதும் உதவின. ஒருத்தி ரோஜா மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலை மட்டும் பின்னுவாள், வேறொருத்தி எல்லாவற்றையும் இணைப்பாள்.

ஏன் குரோஷா? காரணம் எளிது. பஞ்சத்தில் இருப்பவளிடம் முதல் கிடையாது. தறி வாங்க முடியாது. ஒரு கொக்கியும் ஒரு நூல்கண்டும் இருந்தால் இந்த வேலையை ஆரம்பித்துவிடலாம். இந்த நல்ல குணமே பின்னால் ஒரு கெட்ட குணமாகவும் ஆனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தெற்கே லேஸ், கோதாவரியில் குரோஷா

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் மண்ணில் முதலில் வேர்விட்டது குரோஷா இல்லை, திண்டு லேஸ். ஒரு திண்டின் மேல் மாதிரிக் காகிதத்தை வைத்து, குண்டூசி குத்தி, பல மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே நடத்திய பெண்கள் பள்ளியில் இதைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். லேஸ் விற்ற காசைக் கொடுத்து அதற்கு முன்பே சில பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது ஒரு நிமிடம் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி. ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். 1844-ல் திருமணம் முடிந்து இடையன்குடிக்குப் போன எலைசா, அந்தத் தேரிக்காட்டிலும் பெண்களுக்குப் படிப்போடு லேஸ் வேலையும் கற்பித்தார். கணவர் எழுதிய புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிறோம். மனைவி நடத்திய லேஸ் வகுப்பை எத்தனை பேருக்குத் தெரியும்? பின்னால் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரியும் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்பித்தவர்தான்.

குரோஷா என்று பார்த்தால் இந்தியாவின் தலைநகரம் ஆந்திராவின் நரசாபுரம். கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கம். 1844 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு மிஷனரி தம்பதி அங்கே இதை அறிமுகப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பெண்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிறார்கள். அது மேஜை விரிப்பாகவும் சட்டையாகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. 2024-ல் நரசாபுரம் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"சும்மா இருக்கிற நேரத்தில்..."

கெட்ட குணம் என்று சொன்னேனே, அது இதுதான். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் 1970-களின் கடைசியில் நரசாபுரம் போய்ப் பெண்களோடு பேசி, 1982-ல் 'நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்கள்' பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் காட்டிய விஷயம் திகைப்பானது. அந்தப் பெண்கள் ஒரு நாளைக்கு 6 மணி, 8 மணி நேரம் பின்னினார்கள். வயலில் கூலி வேலை செய்யும் பெண்ணுக்குக் கிடைத்ததைவிட இவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. வியாபாரிகளோ ஏற்றுமதி செய்து பணக்காரர் ஆனார்கள். ஏன் யாரும் கேட்கவில்லை? ஏனென்றால் அவர்கள் 'தொழிலாளி' என்ற கணக்கிலேயே வரவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். வீட்டுக்குள்ளேயே செய்யலாம், முதல் வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற வசதியே கூலியைக் கீழே தள்ளியது.

இதை அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பின்னிக்கொண்டே இருந்தார். அப்புறம், "இங்கயும் ஒருத்தர் வந்தாரு கண்ணு" என்றார். அத்தைக்குக் கல்யாணமான புதிதில் சேலத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து டிவி விரிப்பு பின்னித் தரச் சொல்லியிருக்கிறார். மூன்று பின்னிக் கொடுத்தாராம். நூல் செலவு போகக் கையில் நின்றது, இரண்டு முழம் பூ வாங்கும் காசு. கேட்டதற்கு அவர் சொன்னாராம், "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல போடுறதுதானங்கம்மா." நான்காவதாகப் பின்னிய மயிலை அத்தை கொடுக்கவே இல்லை. அதுதான் இன்று தையல் மெஷின் மேல் இருப்பது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்கேலை எடுத்து அளந்தேன். 24 அங்குலம் நீளம், 18 அங்குலம் அகலம். ஆக 432 சதுர அங்குலம். நாலைந்து இடத்தில் எண்ணிப் பார்த்ததில் ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 50 கண்ணிகள். மொத்தம் 21,600. பழகிய கைக்கு ஒரு கண்ணிக்கு 4 வினாடி என்று வைத்தால் 86,400 வினாடி. அதாவது சரியாக 24 மணி நேரம்! சோறாக்கி, மாடு பார்த்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இடையிடையே சேர்த்த ஒரு முழு நாளும் ஒரு முழு இரவும் அந்த மயிலுக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. நம் திருப்பூரே பனியன் பின்னும் மெஷினில்தான் ஓடுகிறது. ஆனால் உண்மையான குரோஷாவை ஆலையில் பெருமளவில் பின்னும் மெஷின் இன்னும் வரவில்லை. கடையில் மலிவு விலையில் ஒரு குரோஷா சட்டை தொங்கினால், எங்கோ ஒருத்தி அதைக் கையால் பின்னியிருக்கிறாள். விலையைப் பார்த்து அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு

இவ்வளவும் சொன்னது பயமுறுத்த இல்லை. கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலிலேயே அத்தை மாதிரி மெல்லிய வெள்ளை நூலில் இறங்காதீர்கள். நான் அப்படித்தான் இறங்கி இரண்டு நாள் வீணாக்கினேன். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் கொஞ்சம் தடித்த உல்லன் நூலும் 4 மில்லிமீட்டர் கொக்கியும் போதும். வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பில் கண்ணியே தெரியாது.

முதல் பாடம் செயின். நூலில் சுருக்குப் போட்டு, கொக்கியால் நூலை இழுத்து இழுத்துச் சங்கிலி. பூக் கட்டத் தெரிந்த கைக்கு நூலின் இறுக்கம் சீக்கிரம் பிடிபடும். அடுத்தது சிங்கிள் குரோஷா. இங்கே ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்கிறார்கள். எந்த ஊர் மாதிரி என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் பொருளாகச் சதுரமான கைத்துணி பின்னுங்கள். 20 செயின் போட்டுத் திரும்பத் திரும்ப வரிசை. போகப் போகத் துணி குறுகி முக்கோணம் ஆகிறதா? ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள் என்று அர்த்தம். வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். என்னுடைய முதல் துணி வாழைப்பூ மடல் மாதிரி ஆனது :-)

இரண்டாவதாக டம்ளர் வைக்கும் வட்டம். முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்து 12, அடுத்து 18 என்று சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையாக வரும். குறைத்தால் கிண்ணமாகக் குவியும். அப்படியே ஒரு தொப்பி பின்னிவிடலாம். அதிகம் கூட்டினால் சேவல் கொண்டை மாதிரி சுருளும். தப்பு என்று பிரிக்க வேண்டாம்! 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை இப்படி வேண்டுமென்றே கூட்டிப் பின்னித்தான், காகிதத்தில் காட்ட முடியாத மிகைவளைவு வடிவியலை மாணவர்களுக்குக் கையில் கொடுத்தார்.

மூன்றாவதாகச் சதுரங்கள். மிஞ்சிய நூலில் பின்னிச் சேர்த்துக்கொண்டே போகலாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் பெண்கள் இப்படித் தனித்தனியாகப் பின்னிய சதுரங்களை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி கின்னஸ் சாதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் பின்னியதுதான். சேர்த்து வைத்தபோதுதான் உலகத்தின் கண்ணில் பட்டது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா குழந்தைக்கு ஒரு தொப்பி கேட்டார். "சும்மாதானே இருக்கே, ஒண்ணு போட்டுக் குடேன்." போட்டுக் கொடுத்தேன், குழந்தைக்கு என் அன்பளிப்பாக. ஆனால் கொடுக்கும்போது, "அக்கா, இதுக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு மணி நேரமா!" என்றார்.

உள்ளேயிருந்து அத்தை சிரித்தது கேட்டது.