கடைசி வீட்டுக் கம்பி

சரித்திரத்தில் குதிரைகளுக்கு இடம் உண்டு. அலெக்ஸாந்தரின் குதிரைக்குப் பெயர் உண்டு. ராணா பிரதாபனின் குதிரைக்குப் பெயர் உண்டு. நம் செஞ்சித் தேசிங்கு ராஜன் குதிரையைப் பற்றி ஊர் ஊராகக் கதையே பாடியிருக்கிறார்கள். கோவேறு கழுதைக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை. சுமப்பதோடு அதன் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு கோவேறு கழுதைக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. ‘ஓல்டு பப்’ என்று அதற்குப் பெயர். மோட்டார் வண்டி ஏற முடியாத மலைச் சரிவுகளில், காட்டுப் புதர்களுக்கு நடுவே, இணையத்துக்கான கம்பியை இழுத்துக்கொண்டு போன பெருமை அதற்கு உரியது.

அந்தக் கம்பி போய்ச் சேர்ந்த இடம் ஜாக்ஸன், ஓஸ்லி என்ற இரண்டு ஜில்லாக்கள். ஜில்லா என்றதும் வாசகர்கள் நம் ஊர் அளவை மனத்தில் கொள்ளக் கூடாது. 2020-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி ஜாக்ஸனில் சுமார் 13,000 பேர். ஓஸ்லியில் சுமார் 4,000 பேர். இரண்டையும் சேர்த்தாலும் நம் பக்கத்துப் பெரிய கிராமங்கள் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். அப்பலாச்சிய மலைத் தொடரின் அடிவாரம் அது. ஒரு குன்றுக்கும் மறு குன்றுக்கும் நடுவில் ஓர் ஓடை, ஓடைக்கரையில் நாலு வீடு, மறுபடி காடு. ஜாக்ஸனின் தலைநகரான மெக்கீயில் போக்குவரத்து விளக்கு ஒன்றே ஒன்றுதான். நிலக்கரியும் மரமும் புகையிலையும் சோறு போட்ட பூமி. சர்க்கார் 2004-ல் புகையிலை ஒதுக்கீட்டு முறையை ரத்துச் செய்தபிறகு அந்தப் பயிரும் கைவிட்டது. அமெரிக்காவின் மிக ஏழை ஜில்லாக்களை எண்ணும்போதெல்லாம் ஓஸ்லியின் பெயர் அடிபடும். நகரத்து அமெரிக்கர்கள் இந்த ஜனங்களை மலைக்காட்டான்கள் என்று கேலி பேசுவது நீண்ட நாளைய வழக்கம்.

இந்த மலைக்காட்டான்களின் வீட்டுக்கு வீடு, கடைசி வீடு வரைக்கும், 2014-க்குள் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. பெரிய நகரங்களில் பல தெருக்களுக்கு அப்போது அது வந்திருக்கவில்லை. எப்படி வந்தது? இதற்கு விடை தேடப் போனால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இதை ஓர் இயந்திரத்தின் கதை என்று சொல்வதைவிட, ஒரு கணக்கின் கதை என்று சொல்லவே நான் விரும்புகிறேன்.

கணக்கு எளிதானது. ஒரு மைல் கம்பி போட இவ்வளவு செலவு. அந்த மைலில் இத்தனை வீடு. வீட்டுக்கு இவ்வளவு வரும்படி. நகரத்தில் ஒரு மைலுக்கு நூறு வீடு இருந்தால் லாபம். மலையில் ஒரு மைலுக்கு மூன்று வீடு இருந்தால் நஷ்டம். கம்பெனிக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வியாபாரி கணக்குப் பார்க்காமல் இருக்க மாட்டான். ஆனால் அந்தக் கணக்கை அவன் ஒருவன்தான் போடலாமா என்பது கேள்வி.

முதலில் டெலிபோன் விஷயத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. பெல் 1876-ல் பெற்ற காப்புரிமை 1893-ல் தீர்ந்துபோயிற்று. கம்பெனிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களில் குடியானவர்கள் தாங்களே காசு போட்டுக் கம்பி இழுத்தார்கள். கம்பம் நட வசதியில்லாத இடங்களில் வயல் வேலியின் முள்கம்பியையே டெலிபோன் கம்பியாக ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. 1920-ல் அமெரிக்கப் பண்ணைகளில் நூற்றுக்கு 39 பண்ணைகளில் டெலிபோன் இருந்தது. பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1940-ல் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 25 ஆகக் குறைந்துவிட்டது! பொருளாதார மந்தத்தில் குடியானவனிடம் பணம் இல்லை. பழைய கம்பிகளைப் பழுது பார்க்க ஆள் இல்லை. விஞ்ஞானம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் திரும்பிப் போகாது என்று நாம் நம்புகிறோம். அது போகும். பராமரிக்க யாரும் பொறுப்பில்லாவிட்டால் வந்த வழியே போய்விடும்.

மின்சாரத்தின் கதையும் இதேதான். 1930-களில் நகரத்து வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் விளக்கு எரிந்தது. பண்ணைகளில் பத்துக்கு ஒன்றில்தான் எரிந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935-ல் கிராம மின்சார நிர்வாகம் என்ற இலாகாவை ஏற்படுத்தினார். அடுத்த வருஷம் அதற்குச் சட்டம் வந்தது. குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறோம், கம்பி போடுங்கள் என்று சர்க்கார் சொன்னபோது தனியார் கம்பெனிகள் அவ்வளவாக முன்வரவில்லை. முன்வந்தவர்கள் குடியானவர்கள். கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து கடன் வாங்கினார்கள், கம்பம் நட்டார்கள், வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வதை அவர்கள் கம்பியில் செய்து காட்டினார்கள்.

1949-ல் அதே சட்டத்தைத் திருத்தி, டெலிபோனுக்கும் கடன் தரலாம் என்று ஆக்கினார்கள். 1950-ல் ஜாக்ஸன், ஓஸ்லி ஜில்லாக்காரர்கள் மக்கள் கிராம டெலிபோன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சந்தாதாரர்களே சொந்தக்காரர்கள், பணக்காரனானாலும் ஏழையானாலும் ஆளுக்கு ஒரு வோட்டு. இந்தச் சின்ன விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அறுபது வருஷத்துக்குப் பிறகு காரியத்தை முடித்தது இதுதான்.

இணையம் வந்த புதிதில் டெலிபோனின் செம்புக் கம்பி வழியாகவே வந்தது. செம்பில் ஓடும் சைகை தூரம் போகப் போக மெலிந்துவிடும். நிலையத்திலிருந்து மூன்று மைல் தாண்டினால் வேகமான இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மலையில் எந்த வீடு மூன்று மைலுக்குள் இருக்கிறது? இதற்குப் பரிகாரம் கண்ணாடியில் இருந்தது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1954-ல் லண்டனில் தம் ஆசிரியர் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் பிம்பத்தைக் கடத்தலாம் என்று காட்டினார். கண்ணாடியைப் போதிய அளவு சுத்தமாக்கினால் செய்தியையே வெகு தூரம் அனுப்பலாம் என்று 1966-ல் சார்லஸ் காவ் சொன்னார்; நாலு வருஷத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி அப்படிப்பட்ட இழையைச் செய்தது. மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் ஒளி விட்டு விட்டு மின்னுகிறது. அந்த மின்னல்தான் எழுத்தாகவும் குரலாகவும் படமாகவும் மறுமுனையில் வந்து சேர்கிறது.

பொருள் கிடைத்துவிட்டது. பழைய கணக்கு மட்டும் அப்படியே நின்றது. 2009-ல் அமெரிக்க சர்க்கார் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தச் சட்டம் செய்தபோது, வேக இணையத்துக்கென்று 720 கோடி டாலர் ஒதுக்கியது. மெக்கீ சங்கத்தார் கையேந்தி நிற்கவில்லை. முறைப்படி விண்ணப்பம் போட்டார்கள். கடனும் மானியமுமாகச் சுமார் 5 கோடி டாலர் சேர்ந்தது. கடன் கொடுத்த இலாகா எது தெரியுமா? ரூஸ்வெல்ட் ஏற்படுத்திய அதே இலாகா. 1994-ல் அதன் பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான். பாட்டனுக்கு விளக்குக்கும் தகப்பனுக்கு டெலிபோனுக்கும் கடன் கொடுத்த கை, பேரனுக்கு இணையத்துக்கும் கொடுத்தது. சுமார் ஆறு வருஷம் பிடித்தது. சுமார் 1,000 மைல் இழை. அந்த ஆயிரம் மைலில் கழுதை நடந்த மைல்களும் அடக்கம்.

எல்லா ஊரிலும் இப்படி நடந்துவிடவில்லை. பக்கத்து மாநிலமான டென்னஸியில் சட்டநூகா நகரத்தின் சொந்த மின்சார ஸ்தாபனம் 2010-லேயே நாட்டை வியக்க வைக்கும் வேகத்தில் இணையம் கொடுத்தது. அதன் எல்லைக்கு வெளியே இருந்த கிராமத்து ஜனங்கள் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஸ்தாபனமும் தயார். மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. மத்திய சர்க்காரின் கமிஷன் 2015-ல் அந்தத் தடையை விலக்கப் பார்த்தது. அந்த அதிகாரம் கமிஷனுக்கு இல்லை என்று 2016-ல் கோர்ட்டு சொல்லிவிட்டது. கம்பி இருந்தது, கேட்கிறவர் இருந்தார், கொடுக்கிறவரும் இருந்தார். நடுவில் ஒரு கோடு இருந்தது.

கென்டக்கி மலையில் கம்பி என்ன செய்தது? வீட்டிலிருந்தபடியே தூரத்துக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. வேலைக்காக மலையிறங்கித் தூர தேசம் போகாமல், வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்க முடிந்தது. 2020-ல் கொள்ளை நோய் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது, அமெரிக்காவின் வேறு பல கிராமங்களில் குழந்தைகள் நூலக வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். இங்கே கம்பி வீட்டு வாசலிலேயே இருந்தது.

வறுமை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஓஸ்லி இன்னும் ஏழை ஜில்லாதான். டெலிபோனில் பதில் சொல்லும் உத்தியோகம் பெருஞ் சம்பளம் தருவதும் அல்ல. கம்பி வந்தால் சுபிட்சம் பின்னாலேயே ஓடி வரும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கம்பி வராத இடத்துக்குச் சுபிட்சம் வர வழியே இல்லை என்பதை நம்புகிறேன். விளக்கு எரிந்தால் எல்லாப் பிள்ளையும் படித்துவிடாது. அதற்காக விளக்கு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

2021-ல் அமெரிக்க சர்க்கார், இணையம் எட்டாத இடங்களுக்கு எட்ட வைக்க 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. முதலில் கண்ணாடி இழைக்கு முன்னுரிமை என்றார்கள். 2025-ல் அந்த முன்னுரிமையை எடுத்துவிட்டார்கள். செலவு குறைவாக எது வருகிறதோ அது. விண்ணில் சுற்றும் கோள்கள் மூலமாக வந்தாலும் சரி என்று விதியை மாற்றினார்கள். வானத்திலிருந்து வருவதை நான் குறை சொல்லவில்லை. கம்பி போகவே முடியாத ஒற்றை வீட்டுக்கு அது பெரிய உபகாரம். ஆயினும், மைலுக்கு இத்தனை வீடு என்ற பழைய கணக்கு மறுபடியும் வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோள்கள் தனியார் சொத்து. நாளைக்கு அவர்கள் கட்டணத்தை உயர்த்தினால் ஓடைக்கரை வீட்டுக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்?

மெக்கீயில் அவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம். நிர்வாகி சரியாகப் பதில் சொல்லாவிட்டால், அடுத்த வோட்டு அவன் கையில் இருக்கிறது.