வட ஆற்காட்டுக் கழிச்சலும் ஒரு தெலுங்கு டாக்டரும்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த சீனியர், "ஏதாவது எழுதுப்பா, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி மட்டும் வேணாம், ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்றார். சரி, மெஸ்ஸை விட்டு விடுகிறேன். ஆனால் வயிற்றை விடுவதாக இல்லை. 'மெஷினைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறவனுக்கு வயிற்றுப்போக்கின் வரலாறு எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருத்தணி. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, அதன்பின் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த ஊர். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடும் வீடுகள் இன்றும் தெருவுக்கு நாலு உண்டு. உள்ளூர் டாக்டர் கையை விரித்து விட்டால், அந்தக் காலத்திலிருந்து எங்கள் ஜனங்கள் சொல்வது ஒன்றுதான்: "வேலூருக்குக் கொண்டு போயிடு." அரக்கோணம் போய் வண்டி மாறி, காட்பாடியில் இறங்க வேண்டும்.

திருத்தணி இந்தப் பக்கம் வந்த அதே 1960-இல்தான், பக்கத்து வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு விசித்திரமான கழிச்சல் கிளம்பியது. காலரா என்றால் இரண்டு நாளில் முடிவு தெரிந்துவிடும். இது அப்படி இல்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுத்தது. சாப்பிட்டதெல்லாம் வெளியே போனது. ஆள் துரும்பாக இளைத்து, நாக்கு ரணமாகி, ரத்தம் வெளுத்து, கடைசியில் படுக்கையில் விழுந்தார். குழந்தைகளை விடப் பெரியவர்களையே இது அதிகமாகப் பிடித்தது. 1962 வரை ஊர் ஊராகப் பரவிப் பல உயிர்களைக் கொண்டு போயிற்று.

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'டிராபிகல் ஸ்ப்ரூ'. நம் வைத்திய நூல்களில் கிராணி, கிரகணி என்று வரும் வர்ணனையில் இதன் சாயல் தெரியும். வில்லியம் ஹில்லாரி என்ற வைத்தியர் 1759-லேயே பார்படோஸ் தீவில் இதுபோன்ற ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1880-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மான்சனும் (கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் முடிச்சுப் போட்ட அதே மான்சன்), ஜாவாவில் இருந்த வான் டெர் பர்க் என்ற டச்சு டாக்டரும் தனித்தனியே இதை விவரித்தார்கள். 'ஸ்ப்ரூ' என்பதே டச்சு மொழியிலிருந்து வந்த சொல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வெயில் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் இது என்று ரொம்ப காலம் நினைத்துக் கொண்டிருந்தார்கள். துரைக்கு வந்தால் ஸ்ப்ரூ, குப்பனுக்கு வந்தால் வெறும் பேதி! இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் பர்மா எல்லையிலும் இருந்த படைகளில் இது புகுந்து விளையாடியது. இங்கே சிறை வைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகளையும் விடவில்லை. அந்தக் கைதிகளிடம் கண்டதை ஸ்டெபானினி என்ற இத்தாலிய டாக்டர் 1948-இல் விரிவாக எழுதினார். உள்ளூர்க்காரர் வயிறு அப்போதும் பெரிய அளவில் கணக்கில் வரவில்லை.

அதைக் கணக்கில் கொண்டு வந்தவர்கள் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் செல்வின் பேக்கரும் அவருடைய சகாக்களும். பேக்கர் ஆஸ்திரேலியர். அவரோடு டாக்டர் வி.ஐ. மாத்தன். நோயாளி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திராமல் கிராமங்களுக்கே போனார்கள்.

அவர்கள் கையில் இருந்த கருவிகளைப் பற்றிப் படித்தபோது எனக்குள் இருக்கும் இஞ்சினியர் எழுந்து உட்கார்ந்து விட்டான். 1957-இல் வந்த 'கிராஸ்பி கேப்ஸ்யூல்' அதில் ஒன்று. மெல்லிய குழாயின் முனையில் ஒரு சின்ன உலோகக் குப்பி. நோயாளி அதை விழுங்க வேண்டும். சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வெளியிலிருந்து குழாயில் காற்றை உறிஞ்சினால், குடல் சுவரின் ஒரு துளி குப்பியின் ஓட்டைக்குள் இழுபடும். அந்த உறிஞ்சலிலேயே உள்ளே இருக்கும் சுழல் கத்தி விடுபட்டு அதை வெட்டிவிடும். மோட்டார் கிடையாது, கேமரா கிடையாது. வெறும் ஸ்பிரிங்கும் வாக்குவமும்தான்.

அப்படி வெட்டி எடுத்ததில் என்ன தெரிந்தது? நம் சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. விரல் விரலாகக் கோடிக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. ரேடியேட்டரில் 'ஃபின்' வைப்பது எதற்கு? பரப்பைக் கூட்டத்தான். அதே தத்துவம்தான் இங்கேயும். ஸ்ப்ரூவில் இந்த விரல்கள் குட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, தேய்ந்து போகின்றன. பரப்பு போனால் உறிஞ்சுவது எங்கே? கொழுப்பு உள்ளே போகாததால் மலம் வெளிறி எண்ணெய்ப் பசையாய்த் தண்ணீரில் மிதக்கும். போலிக் அமிலம் ஏறாததால் ரத்தம் ஊறாது. ஸ்ப்ரூ குடலின் கடைக்கோடி வரை தாக்குவதால், அங்கே மட்டும் ஏறக்கூடிய பி12 வைட்டமினும் போய்விடும். வயிற்று நோய் ரத்த நோயாக மாறுவது இப்படித்தான்.

வேலூர்க்காரர்கள் கண்ட இன்னொன்றுதான் என்னைத் தூக்கி வாரிப் போட்டது. ஒரு நோயும் இல்லாமல் ஏர் ஓட்டிக் கொண்டிருந்த கிராமத்து ஜனங்களின் குடலையும் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கும் குடலுறிஞ்சிகள் ஓரளவு தேய்ந்தே இருந்தன. ஐரோப்பியப் பாடப்புத்தகத்தில் 'நார்மல்' என்று போட்டிருந்த படம் நம் ஊர்க் குடலுக்குப் பொருந்தவில்லை. குடிக்கிற தண்ணீரும் சுற்றுப்புறமும் சேர்ந்து சத்தமில்லாமல் செய்த வேலை என்று இன்று கருதுகிறார்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் தாய்மாமாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஐந்து மாதத்தில் 58 கிலோவிலிருந்து 41 கிலோ. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் "குடல் டி.பி.யா இருக்கும்" என்று மாத்திரையை ஆரம்பித்தார்கள். இன்னொரு இடத்தில் கேன்சர் என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தார்கள். அத்தை தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டபடியே இருந்தார். கடைசியில் ஒரு வயசான டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். கறிவேப்பிலை அளவுகூட மேடு பள்ளம் இல்லாமல் மொழுக்கென்று சிவந்திருந்தது. "மலம் தண்ணியில மிதக்குதா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்றார் மாமா. எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்தார்கள். பி12 அடிமட்டத்தில் இருந்தது. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத 'சீலியாக்' நோய்க்கான பரிசோதனையும் பார்த்தார்கள், அது இல்லை. "இது ஸ்ப்ரூ. எங்க காலத்துல வார்டுக்கு நாலு பேர் இருப்பாங்க. இப்போ பசங்களுக்குப் பேரே மறந்துபோச்சு" என்றார். போலிக் அமிலம், பி12 ஊசி, டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் மாமா, "ரசம் சாதம் போடு" என்று கேட்டார்.

அந்த மாத்திரைகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோதுதான் எல்லாப்ரகட சுப்பாராவ் எதிர்ப்பட்டார். 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது தடவைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். (அரியர் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்கவும்.) சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி உடுத்தி ஆபரேஷன் வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். தன் சகோதரர்கள் இருவரை அவர் பறிகொடுத்தது இதே ஸ்ப்ரூவுக்குத்தான். அவரையும் அது பிடித்தது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். 1922-இல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். சுப்பாராவ் திரும்பி வரவே இல்லை.

அதற்குள் இந்தியாவில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சத்தில் அதைத் தீர்க்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1931-இல் எழுதியிருந்தார். நம் குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி செய்திருக்கிறார். அந்த 'ஏதோ ஒன்று'தான் போலிக் அமிலம். 1945-இல் லெடர்லே கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவுக்குத் தலைமை சுப்பாராவ். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது உடனே கொடுத்துப் பார்க்கப்பட்டது, ரத்தம் ஊறியது. அதே ஆய்வுக்கூடத்தில் டக்கர் கண்டுபிடித்து 1948-இல் அறிவித்த ஆரியோமைசின்தான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஆக மாமா முழுங்கிய இரண்டு மாத்திரைக்கும் தாய்வீடு ஒன்றே.

போலிக் அமிலத்துக்கு நேர் எதிராக வேலை செய்யும் பொருள்களையும் அந்தக் குழு செய்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் போலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் முற்றுவதைப் பார்த்த பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர், அப்படியானால் எதிரியைக் கொடுத்துப் பார்ப்போம் என்று அமினோப்டெரினைக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிந்தது. அதுவரை யாரும் காணாத காரியம். 1948 ஜூனில் அது பிரசுரமானது, ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. அவருக்கு இந்தியா தபால்தலை வெளியிட்டது 1995-இல்.

வட ஆற்காட்டில் பரவிய கழிச்சலுக்கு என்ன கிருமி காரணம் என்பது இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. 1975-இல் வேலூர்க் குழு, கிராமத்து ஜனங்களின் மலத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வழியே கொரோனா வைரஸ் போன்ற துகள்களைப் பார்த்து 'லான்செட்' பத்திரிகையில் எழுதியது. ஆனால் அவை நோயில்லாதவர்களிடமும் இருந்தன. அதனால் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. கிருமி யாரென்று தெரியாமலே, சுத்தமான தண்ணீரும் ஆன்டிபயாடிக்கும் ஊர் ஊராகப் போய்ச் சேரச் சேர, ஸ்ப்ரூ வார்டுகளிலிருந்து குறைந்துகொண்டே வந்தது.